அழுவதற்கு ஒரு மலை கொடுத்தவள்

என் மகனே,

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, உன் கலியாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, ஆரையும் விட்டிட்டனோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றாய். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் பார்த்தேன். ரொறன்ரோவில் இருக்கிற உன் மாமாமார் இருந்தார்கள். சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை செய்தவர்கள் இருந்தார்கள். சின்ன வயதில் உன்னைப் பார்த்துக்கொண்ட கார்தெரி மனுசிகூட இருந்தா. உன் அண்ணன் அன்ரன் மட்டும் இல்லை. "அண்ணையை விட்டிட்டாய்" என்றேன். "மறந்துபோய் விடேல்லை அம்மா. அவர் அப்பாவை விட்டிட்டுப் போனவர். அப்பான்ரை செத்தவீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் பின்னாலை நிண்டிட்டுப் போனவர். நான் ஏன் கூப்பிட வேணும்?" என்றாய். நான் தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால், நான் பாதி சொல்லும்போதே கட்டிப்பிடித்து, "பரவாயில்லை அம்மா" என்பாய். முழுவதும் கேட்காமல் தருகிற மன்னிப்பு எனக்கு வேண்டாம். மெல்ல மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக வாசி. கடைசிவரை வாசித்த பிறகு முடிவெடு.

நீ கட்டப்போகிற மினாவைப் பற்றி முதன்முதல் சொன்னபோது, எனக்கு மீனா என்று காதில் விழுந்து, "மன்னாரோ, யாழ்ப்பாணமோ?" என்று கேட்டதை நினைத்து நீ இன்றைக்கும் சிரிப்பாய். கொரியப் பிள்ளை என்று தெரிந்ததும் நான் இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் உனக்கு நினைவிருக்கும். பிறகு மினாவின் அம்மா என்னை லொங்குய்யிலுள்ள தன் வீட்டுக்கு வரச்சொன்னா. பனிக்காலம் முழுக்க, சனிக்கிழமை மத்தியானங்களில், பெரி ஸ்டேஷனில் மஞ்சள் பாதை மெத்ரோ ரயிலுக்கு மாறி, ஆற்றுக்கு அடியால் போய், அவவின் சமையலறையில் இருந்தேன். அவ மாவுக்குள் இறைச்சியும் நறுக்கிய கோவா இலையும் வைத்து மடிக்கச் சொல்லித் தந்தா. நான் எங்களுடைய ரோல்ஸ் சுற்றக் காட்டிக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் பொதுப் பாஷை பிரெஞ்சுதான். அவவுடைய பிரெஞ்சையும் என்னுடையதையும் கூட்டினால் ஒரு ஆளுக்குப் போதுமான பிரெஞ்சு வரும். மிச்சத்தைக் கையாலும் கண்ணாலும் பேசினோம்.

அந்தச் சமையலறைச் சுவரில் ஒரு படம் உண்டு. ஒரு கிழவர், முதுகு எங்கள் பக்கம், ஒரு குன்றின் உச்சியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்தைப் பார்க்கிறார். மினாவின் தாத்தா. இரண்டு கொரியாவுக்கும் நடுவிலுள்ள எல்லையை ஒட்டிய குன்று அது. அவருடைய கூடப்பிறந்தவர்கள் வடக்கில் அகப்பட்டுவிட்டார்கள். ஒவ்வொரு இலையுதிர்காலமும் அதில் ஏறி வடக்கைப் பார்ப்பாராம். "அழுவாரோ?" என்று கேட்டேன். "அந்தக் குன்று அதற்குத்தான்" என்றா மினாவின் அம்மா. பகிடி என்று நினைத்தேன். அவ கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, அந்தக் குன்றின் கதையைச் சொல்லத் தொடங்கினா. மினா பிறகு புத்தகங்களைப் பார்த்து, எது பழைய ஏடுகளில் இருக்கிறது, எது சனங்கள் சொல்லிவருவது என்று எனக்குப் பிரித்துச் சொன்னாள். இரண்டையும் சேர்த்துத்தான் உனக்குச் சொல்கிறேன்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அந்த மண்ணில் சில்லா என்றொரு அரசு இருந்தது. அதற்கும் அப்போது கிட்டத்தட்ட ஆயிரம் வயது. தேய்ந்து, ஒடுங்கி, தலைநகரும் சுற்றியுள்ள கொஞ்ச நிலமும்தான் மிச்சம். ஒரு பகை அரசன் உள்ளே புகுந்து, இருந்த அரசனைச் சாகடித்து, அவனுடைய உறவினன் ஒருவனைச் சிம்மாசனத்தில் இருத்திவிட்டுப் போனான். அப்படி இருத்தப்பட்ட அந்த மனிதன்தான் சில்லாவின் கடைசி அரசன். வடக்கே கொர்யோ என்ற புதிய அரசு பெருத்துக்கொண்டு வந்தது. சண்டை பிடித்தால் சனம் சாகும், வெல்லவும் முடியாது. எனவே நாட்டைக் கொடுத்துவிடுவோம் என்று அரசன் முடிவெடுத்தான். அவனுடைய மகன், பட்டத்து இளவரசன், சபையில் எழும்பி எதிர்த்தான்: ஆயிரம் வருட நாட்டை ஒரு காலையில் தூக்கிக் கொடுப்பதா என்று. தகப்பன் கேட்கவில்லை. மகன் அழுதுகொண்டு விடைபெற்று, ஒரு பெரிய மலைக்குள் போனான். அவர்கள் துக்கத்துக்கு உடுக்கிற சணல் துணியை உடுத்து, பாறைக்குக் கீழே படுத்து, புல்லும் வேரும் தின்று, சாகும்வரை அங்கேயே இருந்தான் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

தகப்பன் வண்டிகளைக் கட்டிக்கொண்டு வடக்கே போனான். தெரு முழுக்கச் சனம் மதில் மாதிரி நின்று பார்த்ததாம். கொர்யோ அரசன் கெட்டிக்காரன், தோற்றவனை அவமானப்படுத்தவில்லை. நகருக்கு வெளியே வந்து தானே வரவேற்றான், மாளிகை கொடுத்தான், தன் பட்டத்து இளவரசனுக்கும் மேலான இடம் கொடுத்தான். கடைசியாகத் தன் மூத்த மகளையும் கொடுத்தான். அவளைத்தான் நங்னாங் இளவரசி என்கிறார்கள். அது அவளுடைய பெயரில்லை, பட்டம். பழைய நாடொன்றின் பெயர். அவளை அவளுடைய தாய் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

யோசித்துப் பார், மகனே. அவள் இளம்பெண். கட்டப்போகிறவன் அவளைவிட மிகவும் மூத்தவன். பட்டத்து இளவரசன் ஒருவனுக்குத் தகப்பன். நாட்டைக் கொடுத்துவிட்டு வந்தவன். அவன் எதிலே தோற்றானோ அதிலே வென்றவனின் மகள் அவள். அவள் அவனுக்குப் பரிசு. அதே நேரம் அவனுக்குப் போட்ட பூட்டு. அவளைப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் அவனுக்குத் தோல்வி நினைவு வரும். அந்த வீட்டில் எப்படிச் சாப்பாட்டுக்கு இருந்திருப்பார்கள்? முதல் நாள் என்ன கதைத்திருப்பார்கள்? இதைக் கேட்டபோது, "பாவம் பிள்ளை" என்றுதான் எனக்கு வாயில் வந்தது. மினாவின் அம்மா தலையை ஆட்டி, பொறு என்று கையைக் காட்டினா.

அவன் சிரிக்கவேயில்லையாம். நல்ல உடுப்பு, நல்ல சாப்பாடு, எல்லோரும் எழும்பி நின்று கும்பிடுகிறார்கள். ஆனால் அவன் தெற்கைப் பார்த்தபடி இருப்பானாம். வேறொரு பெண்ணாயிருந்தால் என்ன செய்திருப்பாள்? "இங்கே உமக்கு என்ன குறை?" என்று கேட்டிருப்பாள். தெற்குப் பக்கத்து யன்னலைச் சாத்தியிருப்பாள். இல்லாவிட்டால் தகப்பனிடம் போய், "உங்கள் மருமகன் இன்னும் பழைய நாட்டைத்தான் நினைக்கிறார்" என்று சொல்லியிருப்பாள். அப்படி ஒரு சொல் அரண்மனைக்குள் போனாலே அவன் கதை முடிந்திருக்கும். இவள் இன்னொன்று செய்தாள். ஒரு குன்றின் மேல் சின்னதாய் ஒரு ஆச்சிரமம் கட்டுவித்துக் கொடுத்தாள். அவன் காலையிலும் மாலையிலும் அதில் ஏறி, தன் தலைநகரம் இருக்கிற திசையைப் பார்த்து அழுதுவிட்டு இறங்குவான். சில்லாவின் தலைநகரை நினைத்து அழுத மலை என்பதால் சனங்கள் அதற்குத் தோரா மலை என்று பெயர் வைத்தார்கள். ஆயிரம் வருடம் கழித்து மினாவின் தாத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தக் குன்றில்தான்.

தன்னைக் கட்டியவன் தன்னுடையதல்லாத ஒன்றுக்காக அழுகிறான். அந்த அழுகை தன் தகப்பனுக்கு எதிரான அழுகை. அதற்கு ஒரு இடம் கட்டிக்கொடுக்க எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! அவள் அவனோடு ஏறிப் போனாளா, கீழே நின்றாளா, வீட்டிலிருந்து பார்த்தாளா என்று தெரியாது. ஆனால் அவன் இறங்கி வருவான் என்று நம்பியிருக்கிறாள். அவனும் ஒவ்வொரு தரமும் இறங்கி வந்திருக்கிறான். அவளுடைய தகப்பன் செத்து, அண்ணன் தம்பிமார் ஒருவர் பின் ஒருவராக அரசாண்டு, அரண்மனையில் எத்தனையோ தலைகள் உருண்ட காலத்திலும், தோற்று வந்த அந்த மனிதன் நாற்பது வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்து, கிழவனாகி, சாதாரணமாகச் செத்தான். அவளுடைய மகள் என்று சொல்லப்படுகிறவள் பிறகு கொர்யோவின் அரசியானாள். இளவரசி எப்போது செத்தாள், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று மினா தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. போர் செய்தவர்களின் கணக்கெல்லாம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் ஆயிரம் வருடமாகச் சனம் வாயால் காவிக்கொண்டு வந்தது அவள் கட்டிய அந்தச் சின்னக் குடிலை.

நான் எழும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மினாவின் அம்மா கதையில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று பயந்து, வெளியில் நின்று "மதாம்? மதாம்?" என்று கூப்பிட்டா. உனக்குச் சொல்ல வேண்டியது இனித்தான் வருகிறது.

என்னையும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. மொன்ட்ரியாலில் ஒருவர் இருக்கிறார், மனுசி போரில் செல்லடி பட்டுச் செத்துவிட்டா, ஒரு மகன் அவருடைய தமக்கையோடு மன்னாரில் நிற்கிறான், கனடாவில் பேப்பர் எல்லாம் சரி என்றார்கள். என் தகப்பன் என்னைக் கூப்பிட்டு இருத்தி, "நீ போனால் தம்பிமார் ரெண்டு பேரும் தப்புவாங்கள் பிள்ளை" என்றார். நான் ஓம் என்றேன். அவர்கள் தப்பினார்கள், இன்றைக்கு உன் கலியாணத்துக்கு ரொறன்ரோவிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். ஆனால் விமானத்தில் ஏறின அன்றைக்கே எனக்குள் ஒரு எண்ணம் உட்கார்ந்துவிட்டது: நான் என்னைக் கொடுத்துவிட்டேன், இனி கிடைக்கிற வீடாவது முழுக்க எனக்கே வேண்டும். கஷ்டப்பட்டவளுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்தேன். இதுதான் என் பிழையின் வேர்.

மன்னாரில் நின்ற அந்த மகன்தான் அன்ரன்; எங்களிடம் வந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. பெட்டியில் இரண்டு உடுப்பும், சட்டம் போட்ட தாயின் படமும். வந்த அன்றே அப்பா வரவேற்பறையில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். றீற்றா என்று பெயர். சிரித்த முகம். அந்தச் சிரிப்புக்குக் கீழே இருந்துதான் நான் உன்னைப் பெற்றேன், பால் கொடுத்தேன், சோறு தீத்தினேன். அன்ரன் என்னைச் சின்னம்மா என்பான். ஒருநாளும் மரியாதை தப்பிப் பேசியதில்லை. பேக்கரியில் வேலை செய்து, வரும்போது உனக்கு இனிப்புப் பாண் கொண்டுவருவான். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மெத்ரோ வாசல்வரை ஓடுவான். உனக்கு நினைவிருக்குமோ தெரியாது.

உன் ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கோயில் பங்கிலிருந்து ஆட்கள் வர இருந்தார்கள். அன்று காலையில் நான் படத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஒருவரும் "ஆர் இது?" என்று கேட்கக்கூடாது என்று நினைத்தேன். அன்ரன் வேலையால் வந்து வெறும் ஆணியைப் பார்த்தான்.

"சின்னம்மா, அம்மான்ரை படம் எங்கை?"

"லாச்சிக்குள்ளை கிடக்கு. பேந்து மாட்டுவம்."

நான் மாட்டவில்லை. அவன் மூன்று கிழமை பொறுத்திருந்தான். பிறகு ஒரு பின்னேரம், அப்பா கதிரையில் இருக்க, திரும்பவும் கேட்டான். அப்போது நான் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்: "இது என்ரை வீடு, அன்ரன். இந்த வீட்டிலை ஒரு மனுசிதான் இருக்கலாம்." அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா எழும்பி, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தக் கிழமையே அன்ரன் படத்தை எடுத்துக்கொண்டு அல்பேர்ட்டாவுக்குப் போனான். நல்ல வேலை கிடைத்துப் போனான் என்று உனக்குச் சொன்னது நான். பிறகு நீ வளர்ந்து, "அண்ணை ஏன் அப்பாவைப் பார்க்க வாறேல்லை?" என்று கேட்டபோது, "அவனுக்கு மனமில்லை" என்று சொன்னதும் நான். நீ அவன்மேல் வைத்திருக்கிற கோபம் நான் சமைத்துத் தந்தது.

இன்னொன்று. அப்பா தெருமூலையிலிருக்கிற தெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போவார், நினைவிருக்கிறதா? "பால் வாங்கிக்கொண்டு வாறன்" என்பார். குளிர்ப்பெட்டிக்குள் ஏற்கெனவே இரண்டு பெட்டி பால் இருக்கும். முக்கால் மணித்தியாலம் கழித்து, கண் சிவந்து, மூன்றாவது பெட்டியோடு வருவார். அங்கே சாமான் தட்டுகளுக்குப் பின்னால் நின்று அன்ரனோடு தொலைபேசியில் கதைக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூட, "வீட்டிலை இருந்து கதையுங்கோ" என்று சொல்லவில்லை. அந்த இளவரசி தோற்றவனுக்கு அழ ஒரு மலையைக் கொடுத்தாள், மகனே. நான் உன் அப்பாவை ஒரு கடையின் மூலையில் நின்று அழவிட்டேன், அவர் கண்ணை மூடும்வரைக்கும்.

திங்கட்கிழமை காலை நீ வேலைக்குப் போனதும் அன்ரனுக்கு எடுத்தேன். "ஹலோ" என்ற குரல் அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது.

"அன்ரன், நான் சின்னம்மா."

"தம்பிக்கு ஏதுமோ?" என்று கேட்டான். முதல் கேள்வி அதுதான்.

"தம்பி சுகமாய் இருக்கிறான். அவனுக்குக் கலியாணம்."

"ஓம், கேள்விப்பட்டனான். நல்லாயிருக்கட்டும்."

"அன்ரன், நான் உனக்குச் செய்தது பிழை. உன்ரை அம்மான்ரை படத்தைக் கழட்டினதும் பிழை. இது என்ரை வீடு எண்டு சொன்னதும் பிழை. அதுக்குப் பிறகு தம்பிக்குப் பொய் சொன்னனான்."

"சின்னம்மா, எனக்கு உங்களிலை இருந்த கோவத்திலும் பாக்க அப்பாவிலைதான் கூட. நீங்கள் உங்கடை இடத்துக்குச் சண்டை பிடிச்சனீங்கள். அவர் அம்மாவுக்காக ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியிலை போயிட்டார்."

பழியை அப்பாமேல் போட்டுவிட்டுத் தப்பிக்க எனக்கு நல்லதொரு வழி திறந்தது. ஒரு கணம் ஆசையாகவும் இருந்தது. ஆனால் செத்தவர் வந்து வாதாட மாட்டார். அதனால் பால் பெட்டிகளைப் பற்றி அவனுக்குச் சொன்னேன்.

"கடையிலை நிண்டோ கதைச்சவர்?" என்றான். "வீட்டிலை இருந்து எடுக்கிறார் எண்டெல்லோ நான் நினைச்சனான். அதுதான் எப்பவும் பின்னாலை ஆரோ போன்சூர், மெர்சி எண்டு சொல்லுற சத்தம் கேக்கும். ரீவியாக்கும் எண்டு..." நாற்பத்தைந்து வயது மனிதன், அந்தப் பக்கத்தில் சின்னப்பிள்ளை மாதிரி விம்மினான். நான் தொலைபேசியை வைக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அவன் முடிக்கும்வரை காதில் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவ்வளவு வருடத்தில் அவனுக்காக நான் செய்த முதல் வேலை அது. கலியாணத்துக்கு வா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். தகுதி இல்லாவிட்டாலும் சொல்கிறேன். மினா உன்னைக் கட்டி வரும்போது அவளோடு சேர்ந்து நீ அறியாத ஆட்களும் வருவார்கள்; செத்தவர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் அகப்பட்டவர்கள், அவள் பாஷையில் மட்டும் பெயர் உள்ள சாப்பாடுகள், உனக்கு விளங்காத அழுகைகள். அவளைச் சிரிக்கவைக்க நீ கெட்டிக்காரன். சில நாட்களில் சிரிக்கவைக்கப் பார்க்காதே. ஏன் அழுகிறாய், நான் இருக்கிறேனே என்று குறுக்கே போய் நிற்காதே. அவள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். திரும்பி வருவாள் என்று நம்பு. அந்த நம்பிக்கை எனக்கு இருக்கவில்லை. ஒரு படத்துக்குப் பயந்த பெண் நான். பெயர்கூட எழுதப்படாத அந்தப் பிள்ளை, இழந்துபோன ஒரு நாட்டுக்கே பயப்படவில்லை. அவளை நினைக்கும்போது இப்போதும் கோயிலுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

சணல் துணியோடு மலைக்குப் போன அந்த இளவரசனுக்கு அவள் எப்போதாவது ஆள் அனுப்பினாளா என்று மினாவிடம் கேட்டேன். ஒரு ஏட்டிலும் இல்லையாம். அவள்கூடச் செய்யாமல் விட்டது அதுவாக இருக்கலாம், யாருக்குத் தெரியும்.

நேற்று அன்ரனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. கலியாணத்துக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வந்து இறங்குகிறான். ஹோட்டலில் தங்குவதாகத்தான் எழுதியிருக்கிறான். அவனைக் கூட்டிவர நீதான் போக வேண்டும். இதை வாசித்துவிட்டு உனக்கு என்னில் கோபம் வந்தால், வரட்டும், அது நியாயம். கலியாணம் முடிந்த பிறகும் வைத்திரு. ஆனால் அதை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகாதே, அது எனக்குரியது. அவன் கதவால் வெளியே வரும்போது உன்னை அடையாளம் தெரியாமல் தேடுவான்; செத்தவீட்டில் உன் முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. நீ முன்னுக்குப் போய், "அண்ணை" என்று கூப்பிடு. மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

அம்மா